டிங்கிக்குப் பிறகு உறுமி

டிங்கி காய்ச்சல் விட்டு நான் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியபோது, என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. பப்பாளி இலைச் சாறு, நண்டு சூப்பு என்று ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்தார்கள். இரத்தத் தட்டணுக்கள் ஏறிவிட்டன, இப்போது மூட்டுதான் வலிக்கிறது என்றால், "அதுக்குத்தான், குடி லா!" இவர்களிடம் என்ன பேசுவது?

சட்டைப் பொத்தான் போடுவதே பெரும்பாடு. கொஞ்ச நேரம் நின்றாலே முழங்கால் வலி உட்காரவைத்துவிடும். எனக்கிருந்த கவலை ஒன்றே ஒன்று: கோயில் திருவிழாவில் உறுமிக் குழுவில் என் இடம். உறுமியை உரசும் குச்சியை என் மணிக்கட்டு கொஞ்ச நேரம்கூடத் தாங்கவில்லை.

கோயில் தலைவர் என் மாமா. செம்பனைக் காட்டில் ஆள் மேய்த்து ஓய்வுபெற்ற மண்டோர். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது நிற்க முடிந்தவனுக்கு நோயே கிடையாது என்பது அவருடைய வைத்திய சாஸ்திரம்.

"காச்ச விட்டுருச்சில்ல? அப்புறம் என்னடா நடிப்பு?"

"காச்சதான் மாமா விட்டுச்சு. வலி விடல."

"சரி, உனக்கு லைட் டியூட்டி. உக்காந்து தேங்கா உரி."

காட்டில் காய்ச்சல்காரர்களுக்கு அவர் கொடுத்த லைட் டியூட்டியும் இந்த லட்சணம்தான்: நாள் முழுக்கக் குனிந்து மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்குவது. மணிக்கட்டு போனவனுக்குத் தேங்காய் உரிக்கும் வேலை! மண்டோர் மூளைக்கு அதற்குமேல் எட்டாது.

எங்கள் சாமி ஊர்வலம் வருவது அலங்கரித்த லோரியில். "உக்காந்து தேங்கா உரிக்கலாம்னா, உக்காந்து உறுமியும் அடிக்கலாம். லோரியில ஒரு நாற்காலி போடுங்க மாமா" என்றேன்.

குழுவில் ஒருத்தன் சிரித்தான். "தாத்தாவுக்கு நாற்காலி வேணுமாம் லா!"

"சாமி பக்கத்துல நாற்காலியா? குத்தம்டா!" என்றார் மாமா.

"சாமியே உக்காந்துதானே மாமா வருது?"

மாட்டிக்கொண்டால் மாமா வேட்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார். கட்டினார். "போ, லோரி பின்னால ஜெனரேட்டர் பக்கத்துல உக்காரு. புகையத் தின்னு."

ஊர்வலம் கிளம்பியதும் தின்றேன். பாதி வழியில் விரல்கள் மடங்க மறுத்தன. குச்சியை மடியில் போட்டுவிட்டுக் கையை அக்குளில் செருகிக்கொண்டேன். வலி தணிந்ததும் குச்சியை எடுத்தேன், வலித்ததும் மறுபடி வைத்தேன். இப்படியே ஊர்வலம் முடிந்தது. நடுநடுவே ஓர் உறுமி நின்றுபோனது கீழே ஆடிக்கொண்டு வந்த ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் இருந்தால் போதும், ஆடும் கூட்டம். அது எனக்கு வசதியாகத்தான் இருந்தது.