ரத்தம் எடுக்கிற நாளில் தண்ணீர்

பயம் வந்தால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் சத்தம் போடுகிற ஆள். என் மனைவிக்கு வாயில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து பஸ் கண்டக்டர், ஆஸ்பத்திரிக் காவலாளி, பக்கத்து லயத்து வீட்டு நாய் என்று ஒருவரையும் நான் விட்டு வைக்கவில்லை. நோயிடம்தான் என் சத்தம் எடுபடவில்லை.

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். எனக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. அவள் மலையில் கொழுந்து எடுத்தவள். வெற்றிலையையும் புகையிலையையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டே காலமெல்லாம் எடுத்தாள். கன்னத்துக்குள் புண் வந்தபோது சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்று சொல்லி நாளைக் கடத்தினாள். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்குள் அது கழுத்துக்கு இறங்கிக் கட்டியாகிவிட்டது. வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, மருந்து ஏற்றித்தான் அடக்க வேண்டும் என்றார் டொக்டர். அந்த மருந்து கட்டியையும் அடிக்கும், உடம்பையும் அடிக்கும். ஆகவே ஒவ்வொரு தடவையும் முதலில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். ரத்தம் சரியாக இருந்தால்தான் மருந்து.

அதற்குப் பிறகு கட்டியைவிட ரத்தப் பரிசோதனைதான் என்னைப் பயமுறுத்தியது. கட்டியைக் கையால் தடவிப் பார்க்கலாம். போன மாதத்தைவிடச் சின்னதாகிவிட்டது என்று அவளுக்கும் சொல்லி, எனக்கும் சொல்லிக்கொள்ளலாம். ரத்தத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை எந்தக் கையால் தடவுவது? ரிப்போர்ட்டோடு நர்ஸ் வரும்போது அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். அவர் யாரையாவது பார்த்துச் சிரித்தால் போதும், எனக்கு மூச்சு வரும்.

ஒரு தடவை நர்ஸ் சிரிக்கவில்லை. டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். சிங்களவர், எங்கள் ஆட்களிடம் பழகிப் பழகித் தமிழ் பேசுவார்.

"கட்டி நல்லா சுருங்குது. ஆனா சிறுநீரகம் சரியில்ல. ரத்தத்துல தெரியுது. இப்படியே இருந்தா இந்த மருந்து குடுக்க ஏலாது."

"வேற மருந்து இருக்குதுங்களா சேர்?"

"இருக்கு. ஆனா இவ்வளவு வேலை செய்யாது." பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா, தண்ணி குடிக்கிறதா?"

"குடிக்கிறேங்க."

"நல்லா குடிக்கணும். அடுத்த கிழமை திரும்ப ரத்தம் பார்ப்போம். அப்பவும் இப்படின்னா நிப்பாட்டணும்."

நிப்பாட்டணும் என்ற சொல் அந்த ஒரு வாரம் முழுக்க என்னோடு தொழிற்சாலைக்கு வந்தது, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தது. மருந்தை நிறுத்தினால் கட்டி வளரும். வளர்ந்தால் தொண்டையை அடைக்கும். அதற்கு மேல் என் நினைப்பு போகாது. போக விடமாட்டேன். வீட்டில் அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். எரிச்சலில் முகத்தைச் சுளித்தாலும் சாயந்தரத்திலிருந்து படுக்கிறவரை குடித்துக்கொண்டுதான் இருந்தாள். அப்படியானால் கெட்டது சிறுநீரகம்தான், வேறு காரணமில்லை என்று முடிவு கட்டினேன்.

ரத்தம் எடுக்கிற நாள் வந்தது. விடிவதற்குள் பஸ் ஏறினோம். வளைவுகளில் பஸ் சாய்ந்து சாய்ந்து போனது. நான் போத்தலைத் திறந்து நீட்டினேன். அவள் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்தாள். கொஞ்ச தூரம் போய் மறுபடி நீட்டினேன். மறுபடியும் உதடுதான் நனைந்தது.

"குடிச்சா என்னா? டொக்டரு சொன்னது காதுல விழலியா?" என்று கத்தினேன். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவாப் பேசுங்க" என்றாள். பிறகு என் காதோரம் சொன்னாள். "பஸ்ஸுல ஏறுற நாளு எப்படிங்க குடிக்கிறது? நடுவழியில வந்துச்சுன்னா எங்க எறங்குறது?"

"அப்ப போன கிழமை?"

"எல்லாக் கிளினிக் நாளும் அப்படித்தான். மொத நாள் ராவோட நிப்பாட்டிருவேன். மலைக்குப் போன காலத்துல இருந்தே அதான பழக்கம். மலையில கக்கூசா கட்டி வச்சிருக்கான்? ஆம்பளைக்கு ஒரு மரம் போதும். நாங்க கொழுந்த எடை போட்டு வீடு வந்துதான் தண்ணி குடிப்போம்."

முன் சீட்டில் இருந்த ஒரு வயதான அம்மா திரும்பாமலே சொன்னார்: "அவ சொல்றது நெசந்தான் தம்பி. நாங்க எல்லாருமே அப்படித்தான்."

போத்தலை மூடினேன். தொழிற்சாலைக்குப் பின்னால் எங்களுக்குக் கக்கூஸ் இருந்தது. நினைத்தபோது போவேன், நினைத்தபோது தேத்தண்ணீர் குடிப்பேன். ஒரே கூரைக்குக் கீழே இத்தனை வருடம் வாழ்ந்தும் இந்த விஷயம் என் காதுக்கு வந்ததே இல்லை.

வழியில், பசறையில் பஸ் நின்றது. "ரெண்டு நிமிசம் பொறுங்க" என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு அவளை இறக்கினேன். தெரிந்த முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் அப்போதுதான் கடை திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்து, கக்கூஸுக்குப் போகிற பின்கதவைத் திறக்கச் சொன்னார். போத்தலில் இருந்ததை மடக்கு மடக்காகக் குடித்துவிட்டு அவள் உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தேன். முன் சீட்டு அம்மாவும் இன்னும் மூன்று பெண்களும் பஸ்ஸிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் அந்தக் கதவுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். கண்டக்டர் ஹோர்ன் அடிக்கச் சொல்லவில்லை.

டொக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அன்றைக்கு ரத்தம் எடுக்கவில்லை. வார்டில் சேர்த்து, கையில் சேலைன் ஏற்றி, மறுநாள்தான் எடுத்தார்கள். ரிப்போர்ட் வரும்வரை வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். கும்பிடாத சாமி இல்லை. போத்தலை மடியில் வைத்து மூடியைத் திறந்து திறந்து மூடினேன்.

"சிறுநீரகக் கோளாறு குறைஞ்சிருக்கு" என்றார் டொக்டர். "முழுக்க இல்ல. பாதி தண்ணி இல்லாததால. மிச்சம் மருந்தா, தண்ணி குடிக்காத பழைய பழக்கமான்னு என்னால சொல்ல ஏலாது. அளவைக் குறைச்சுக் குடுப்போம். ஒவ்வொரு முறையும் ரத்தம் பார்த்துத்தான்."

ஒவ்வொரு முறையும். அதாவது ஒவ்வொரு முறையும் இதே வாங்கு, இதே காத்திருப்பு. ஆனாலும் மருந்து உண்டு. அவள் கட்டில் பக்கத்தில் போய்ச் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் ஊசியோடு யோசித்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, நம்ம மகளுக்கு ஒரு போன் கோல் எடுங்க."

எங்கள் மகள் இப்போது அதே மலையில், தன் அம்மா விட்ட நிரையில் கொழுந்து எடுக்கிறாள். நல்ல செய்தியைச் சொல்லத்தான் என்று நினைத்து எடுத்தேன். மருந்து ஏற்றப் போகிறார்கள் என்றதும் மகள் அழுதுவிட்டாள். மனைவி என் கையைத் தட்டினாள்.

"அதில்லங்க. காலையில இருந்து தண்ணி குடிச்சாளான்னு கேளுங்க."

கேட்டேன். அழுகைக்கு நடுவிலேயே மகள் சிரித்தாள்.

"மலையில நிக்கிறேன்ப்பா. எப்படிக் குடிக்கிறது?"