ஆங்கிலக் கிராமத்துப் புத்தகத்தில் எங்கள் வீட்டுக்காரர்

என் மகளும் மருமகனும் இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமத்தில் பழைய கல் வீடு ஒன்றை வாங்கினார்கள். ஒரு தேவாலயம், ஒரு மதுக்கடை, ஓடைமேல் ஒரு பாலம், கொஞ்சம் வீடுகள். அவ்வளவுதான் ஊர். அடையாறில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில் அதைவிட ஜனம் அதிகம்.

ஆனால் அந்த ஊருக்கு ஒரு வரலாற்றுக் குழு உண்டு. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் அதை நடத்துகிறார். எந்த வீட்டில் யார் யார் குடியிருந்தார்கள் என்று அவர் ஒரு புத்தகம் தயாரித்துக்கொண்டிருந்தார். மகளின் வீட்டில் முதலில் இருந்தவர் ஒரு பண்ணைக் கூலியாள். பிறகு ஒரு செருப்புத் தைப்பவர். அப்புறம் யார் யாரோ. கடைசியாக என் மகளின் குடும்பம் வரவேண்டும். அங்கேதான் தகராறு.

"வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இது சரித்திரமா, விலாசப் புத்தகமா?" என்று குழுவில் ஒருவர் கேட்டாராம். "அந்தக் கூலியாளும் வெளியூரிலிருந்து வந்தவர்தான்" என்றாராம் அந்த அம்மாள். கை தூக்கச் சொன்னதில் மகளின் பக்கம் ஜெயித்தது. மகள் போனில் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். குரல் மட்டும் சரியாக இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாளே வீடியோவில் வந்தார். மகளைப் பற்றிய பக்கத்தில் போட, அவள் பிறந்தபோது நாங்கள் இருந்த வீட்டின் படம் வேண்டுமாம். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோடம்பாக்கம், மயிலாப்பூர், தி. நகர் என்று எத்தனையோ வீடு மாறியிருக்கிறோம். எங்களிடம் இருப்பதெல்லாம் ஆட்களின் படங்கள். பின்னால் ஒரு திரைச்சீலை தெரியும், மிஞ்சினால் ஒரு காலண்டர்.

மகள் பிறந்தபோது இருந்தது மயிலாப்பூர் வீட்டில். ஆட்டோ பிடித்துப் போனோம். மெட்ரோ வேலைக்காகத் தெருவை அடைத்திருந்ததால் மந்தைவெளியிலேயே இறங்கி நடந்தோம். வீடு இருக்காது என்றுதான் நினைத்தேன். இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் எழும்பியிருக்க, நடுவில் அது அப்படியே இருந்தது. மனைவி கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

"நான் வரலை. நீங்க எடுத்துக்கிட்டு வாங்க."

காரணம் உண்டு. மாடிக்கு மோட்டார் போட மாட்டேன் என்று வீட்டுக்காரர் சொல்ல, ஒரு கோடையில் பெரிய வாக்குவாதமாகி, கைக்குழந்தையோடு அந்த வீட்டைக் காலி செய்தவர்கள் நாங்கள்.

அதற்குள் அவரே வெளியே வந்தார். பனியன், வேஷ்டி. எண்பதைத் தாண்டியிருக்கும்.

"யாரு?"

"மாடியில குடியிருந்தோம் சார். ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி."

அவர் என்னைத் தாண்டி மனைவியைப் பார்த்தார். "மோட்டாருக்குச் சண்டை போட்டேளே, நீங்கதானே?"

"ஆமா மாமா" என்றாள் மனைவி, நின்ற இடத்திலிருந்தே.

"கெணத்துல தண்ணியே இல்லை அப்போ. எங்காத்துக்கே தெருப் பம்புலேர்ந்துதான் அடிச்சுண்டு வந்தோம். சொன்னா நீங்க நம்பமாட்டேள்னு சொல்லலை."

இத்தனை வருஷமும் அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்றுதான் வீட்டில் பேசியிருக்கிறோம். மனைவி கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"சீமையில புஸ்தகத்துல என் வீடா?"

"நாங்க இருந்த மாடி மட்டும் போதும் சார்."

"மாடி மட்டும் ஆகாசத்துலயா நிக்கறது?"

இருங்கோ என்று உள்ளே போனவர், இஸ்திரி போட்ட சட்டையும் நெற்றியில் விபூதியுமாகத் திரும்பி வந்து வாசலில் நேராக நின்றார். தள்ளி நிற்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்தேன்.

அனுப்பிய படத்தைப் பார்த்ததும் வரலாற்றுக் குழு அம்மாள் இவர் உங்கள் அப்பாவா என்று கேட்டார். இல்லை, வீட்டுச் சொந்தக்காரர் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம். புத்தகத்தில் எல்லா வீட்டுக்கும் சொந்தக்காரர் பெயர் கிடைத்ததாம், ஒருவருடைய முகம்கூடக் கிடைக்கவில்லையாம். அப்படியே அச்சில் போட்டுவிட்டார்.

தபாலில் வந்த பிரதியை எடுத்துக்கொண்டு நாங்கள் போனபோது, மயிலாப்பூர் வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டு அவர் கொட்டிவாக்கத்தில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே போய்க் கொடுத்தோம். தன் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு மற்ற வீடுகளின் பக்கங்களை நிதானமாகப் படிக்க ஆரம்பித்தார். அவருடைய மருமகள் எங்களுக்குக் காபி கொண்டுவந்தாள். என் மனைவி அவளோடு சமையலறைக்கே போய்விட்டாள்.

புத்தகம் வெளிவந்த சில நாட்களில் மகளின் வீட்டுக் கதவை ஒரு வயதான பெண் தட்டியிருக்கிறாள். பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறாள், அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. தான் பிறந்தது இந்த வீட்டில்தான், பின்னறையை ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டாளாம். மகள் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் சாயங்காலம்வரை இருந்துவிட்டுத்தான் போனாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களிடம் அதிகம் பேசவில்லை. "அப்பா, அவங்க மறுபடி வந்திருக்காங்க, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.