செவ்வந்திக்கு விளக்குப் போட்ட ரெங்கசாமி

ரெங்கசாமி குனிந்து நின்று, செவ்வந்திச் செடியின் நுனி இலைகளைக் கட்டைவிரல்களால் விலக்கி மொட்டுத் தேடிக்கொண்டிருந்தான். ஒரு செடியில் இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்துப் பாத்தியிலும் செடிகள் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று நின்றன. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது.

எண்பத்து நாலாம் வருஷம் அது. அவனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷம் எஸ்டேட்டில் தேயிலைச் செடி வெட்டியவன், கங்காணி தன்னை மதிக்கவில்லை என்று ஒருநாள் கத்தியைப் போட்டுவிட்டு வந்துவிட்டான். கங்காணி யாரைத்தான் மதித்தார்? மற்றவர்கள் கத்தியைப் போடவில்லை. வேலையோடு எஸ்டேட் கொடுத்திருந்த லயத்து வீடும் போயிற்று. திரிங்காப்பு என்ற மலை ஊருக்கு மேலே ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துப் பூ போட்டான். அந்தத் தீபாவளிக்குப் பூ வராவிட்டால் எஸ்டேட் குமாஸ்தாவான கிராணியிடம் போய் மறுபடியும் வேலை கேட்டுக் கைகட்டி நிற்க வேண்டியதுதான். அதற்குச் செத்துப்போகலாம் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

அவன் மனைவி செல்லம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் மிஸியாக, அதாவது நர்ஸாக இருந்து ஓய்வுபெற்று, அவர்கள் பள்ளத்திலேயே நான் குடியிருந்ததால், ஒருநாள் விட்டு ஒருநாள் போய்க் கட்டு மாற்றினேன்.

எங்கள் பள்ளத்தில் பதினொரு வீடு. தள்ளி இருந்த அவன் வீடு பன்னிரண்டாவது. அரசாங்கக் கரண்டு பெரிய ரோட்டோடு நின்றுவிட்டது. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த சிவசாமிதான் வழி சொன்னார். ஓடைத் தண்ணீரைக் கால்வாய் வெட்டித் திருப்பி, ஒரு இரும்புச் சக்கரத்தைச் சுற்ற வைத்து, பழைய டைனமோ ஒன்றை அதில் பூட்டினார். வீட்டுக்கு இரண்டு பல்பு, அதற்கு மேல் கூடாது. கால்வாய் வாயிலுள்ள கம்பிச் சல்லடையில் இலைதழை அடைக்கும். அதை விடியற்காலையில் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து அள்ள வேண்டும். எங்கள் கரண்டு சங்கத்தின் சட்டம் இவ்வளவுதான்.

கால்வாய் வெட்டியபோது ரெங்கசாமி கரையில் நின்று வேடிக்கை பார்த்தான்.

“தண்ணி ஊத்துனா வெளக்கு அணையும்னுதான் எங்கப்பன் சொல்லிக் குடுத்தாரு. நீங்க தண்ணி ஊத்தி வெளக்கு ஏத்துறீங்க.”

எட்டு மாதம் கழித்துத் தனக்கும் கரண்டு வேண்டும் என்று வந்தான். ஒரு பிடி மண் வெட்டாதவனுக்கு எதற்கு என்றார் சிவசாமி. செல்லம்மாவின் காலை நினைத்து மற்றவர்கள் சம்மதித்தார்கள். அவன் நன்றி சொல்லவில்லை. ஒரு வீடு கூடினால் சங்கத்துக்குத்தான் பெருமை என்றான். சல்லடை முறை வந்தபோது அந்தக் காலோடு செல்லம்மாவை அனுப்பினான். நான் சத்தம் போட்டதும் அவனுக்கு முதுகுப் பிடிப்பு வந்துவிட்டது. அவன் முறையையும் சேர்த்து அடுத்த வீட்டு ரஞ்சிதம் அள்ளினாள்.

சில நாளில், பொழுது சாய்ந்தால் எல்லார் வீட்டுப் பல்பும் பழுத்த மிளகாய் நிறத்துக்கு மங்க ஆரம்பித்தது. சிவசாமி சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார், பெல்ட்டை மாற்றினார், ஓடையில் தண்ணீர் குறைவு என்றார். சக்கரம் சரியில்லை என்று எல்லாரையும்விட உரக்கக் குறை சொன்னவன் ரெங்கசாமி. இப்படியே மூன்று மாதம் போயிற்று.

கட்டு மாற்ற நான் போன அன்று மத்தியானம் மழை இருட்டு. செல்லம்மா மண்ணெண்ணெய் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பல்பு எங்கே என்று கேட்டேன்.

“ரெண்டும் பூவுக்குப் போயிருச்சு, மிஸி.”

அவிழ்த்த கட்டைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் மேட்டைத் தாண்டிச் சரிவில் இறங்கினேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பாத்திகளுக்கு மேல் பிளாஸ்டிக் கூரை, சுற்றிலும் சாக்குத் திரை, மூங்கிலில் வயரை இழுத்துப் பன்னிரண்டு பல்பு. நடுவில் இவன் மொட்டுத் தேடிக்கொண்டிருக்கிறான். என்னைப் பார்த்து வெட்கப்படவில்லை.

“மிஸி, இதுக்கு என்ன சீக்குன்னு பாருங்களேன்.”

பெரிய தோட்டங்களில் செவ்வந்திக்கு விளக்குப் போடுகிறார்கள், தண்டு நன்றாக நீளும் என்று பூ ஏற்றும் லோரிக்காரன் சொன்னானாம். அது உண்மைதான். எப்போது அணைக்க வேண்டும் என்பதையும் அவன் சொல்லியிருப்பான். அதுவரை கேட்கிற பொறுமை ரெங்கசாமிக்கு ஏது? பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை எரியவிட்டிருக்கிறான்.

எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இரவெல்லாம் ஒரு விளக்கு எரியும். அதன் கீழே நின்ற செவ்வந்தி மட்டும் பூக்கவே பூக்காது. ஒருமுறை பல்பு கெட்டு, மாற்ற ஆளில்லாமல் கிடந்தது. இரண்டு மாதத்தில் அதுவும் பூத்தது. இதை அவனுக்குச் சொன்னேன்.

“வெளிச்சம் இருக்கிற வரைக்கும் அது வளந்துகிட்டுத்தான் இருக்கும். இருட்டு வேணும் ரெங்கசாமி, பூக்கிறதுக்கு.”

“இன்னைக்கே அணைச்சுட்டா?”

“ரெண்டு மாசம் ஆகும்.”

அப்படியே பாத்தி வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு இரக்கம் வரவில்லை. மேலே ஒருத்தி புண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் நீயே சொல், இல்லாவிட்டால் நான் சொல்வேன் என்றேன். இரண்டு பல்பைக் கழற்றச் சொல்லி வீட்டில் மாட்ட வைத்து, அந்த வெளிச்சத்தில் கட்டை முடித்தேன். நான் நினைத்ததைவிடப் புண் ஆழமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சொன்னான்.

“சக்கரம் எவ்வளவு தாங்கும்னு சோதிச்சுப் பாத்தேன்ணே. எல்லாரோட நல்லதுக்குத்தான்.”

சிவசாமி கையிலிருந்த குறட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரஞ்சிதம்தான் கேட்டாள்.

“மூணு மாசமா எம்பொண்ணு கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படிச்சாளே, அதுவும் உங்க சோதனைதானாண்ணே?”

வயரை ஒட்ட அறுத்துவிடலாம் என்றார் சிவசாமி. வீட்டு விளக்கை அறுத்தால் மண்ணெண்ணெய் வெளிச்சத்தில் எனக்குச் சீழ் தெரியாது என்றேன். கடைசியில் தோட்டத்து வயரை மட்டும் பிடுங்குவது என்று ஆயிற்று. பூ பூக்கும்வரை பன்னிரண்டு வீட்டுச் சல்லடை முறையும் அவனுக்கே. ஒரு நாள் தவறினாலும், செல்லம்மாவை அனுப்பினாலும் சங்கத்தில் இடமில்லை. அதுவரை தன் முட்டைக்கோஸ் தோட்டத்தில் கூலிக்கு வரட்டும் என்று ரஞ்சிதமே சொன்னாள். கிராணி முன்னால் நிற்பதிலிருந்து தப்பித்த மனிதன், யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

மறுநாள் விடியற்காலையில், செல்லம்மாவை அனுப்பியிருக்கிறானா என்று பார்க்கக் கால்வாய்க்குப் போனேன். அவனேதான் வந்திருந்தான். குளிருக்குக் கையில் பிளாஸ்டிக் பைகளைக் கட்டிக்கொண்டு சல்லடையைத் துப்புரவாக வழித்துவிட்டான். அள்ளிய தழையைக் கரையில் வீசாமல் ஒரு சாக்கில் திணித்துக்கொண்டிருந்தான்.

“அழுகுன எலை நல்ல ஒரம், மிஸி. இத்தனை நாளா வீணடிச்சிருக்காங்க பாருங்க.”

சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு தன் பாத்திகளுக்குப் போனான்.