கோடிப் புடவை லைனிங்

எங்கள் வீட்டுக்குப் புதுத் துணி மொத்தமாக வந்தது ஒரே ஒரு நாள். நைனாவின் பதினாறாம் நாள்.

நைனா, எங்கள் அப்பா, மஞ்சள் காமாலையில் போனார். அப்போது எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதிமூன்று. காரியத்தன்று அம்மாவை நடுவீட்டில் உட்கார வைத்து, வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கோடி போட்டார்கள். புருஷன் செத்தவளுக்குச் சொந்தக்காரர்கள் போடுகிற புதுப் புடவைக்குக் கோடி என்று பேர். அம்மா தோளில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பது புடவை. அம்மா முகமே தெரியவில்லை. துணி மூட்டை ஒன்று உட்கார்ந்து அழுகிற மாதிரி இருந்தது.

கோடிக்கு யாரும் நல்ல புடவை எடுப்பதில்லை. எல்லாம் பாலியஸ்டர். இருந்தாலும் கடை வாசனை அடித்தது. நான் ஒன்றைப் பிடித்து மோந்து பார்த்தேன். யாரோ கையைத் தட்டிவிட்டார்கள்.

"அதத் தொடாத. பொம்பளப் புள்ள மேல படக் கூடாது."

அதுதான் வழக்கம். கோடியைத் தாலி அறுத்தவள் கட்டலாம். கல்யாணம் ஆகாத பெண் மேல் பட்டால் அவளுக்கும் அதே கதி வரும் என்பார்கள்.

நைனாவின் அக்கா, எங்கள் அத்தை, ஊதாப் புடவை போட்டாள். துணி முழுக்க மஞ்சள் பொட்டுப் போட்டது. அத்தையைக் கோட்டைக்குப்பத்தில் கொடுத்திருந்தது. படகு, வலை உள்ள வீடு. ஒரே மகன். என் அக்கா பிறந்த அன்றைக்கே அவள் அவனுக்குத்தான் என்று பேசி வைத்திருந்தார்கள்.

"பாத்து எடுத்தேன். ஒழைக்கும்," என்றாள் அத்தை.

ஒன்பது பேர் புடவை கொண்டுவந்தார்கள். ஒருத்தரும் ஒரு படி அரிசி கொண்டுவரவில்லை.

எங்களுக்குப் படகு கிடையாது, வலை கிடையாது. கைதான். உப்பு ஏரியின் இடுப்புத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவித் தடவி எறா என்கிற இறால் பிடிக்க வேண்டும். பிடித்ததைப் போட ஓலைப் பறி. அதைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், இரண்டு கையும் வேலையில் இருக்கும். நைனா இருந்தவரைக்கும் அவரும் அம்மாவும் போனார்கள். பிறகு அம்மா மட்டும் போனாள். புடவை மேல் நைனாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போவாள்.

முதலில் இரண்டு கோடியைக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினாள். உப்புத் தண்ணீரில் ஆறு மாதத்தில் போய்விட்டது. கூட இருந்த பெண்கள் கரையேறிப் பறியைக் கொட்டும்போது கிண்டல் பண்ணுவார்கள்.

"சிலுக்குப் பொடவையப் பாத்து எறா மயங்கி வருதா இன்னாடி?"

"வந்தா உனுக்கும் ரெண்டு குடுக்கறேன்," என்பாள் அம்மா. அதற்கு மேல் பேசமாட்டாள்.

மீதி ஏழையும் உரச் சாக்கில் கட்டிக் கூரையில் தொங்கவிட்டாள்.

எங்களுக்கு உடுப்பு தைத்தது பழசிலிருந்துதான். நைனாவின் லுங்கி எனக்குப் பாவாடை ஆயிற்று. வேட்டி எங்கள் இரண்டு பேருக்கும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை. அக்காவின் பழைய பாவாடை எனக்குப் பை. பை கிழிந்தால் அடுப்பங்கரைத் துணி. அம்மாவிடம் கத்தரிக்கோல் இல்லை. துணி ஓரத்தைப் பல்லால் ஒரு கடி, இரண்டு கையால் ஒரு இழுப்பு. நேராகக் கிழியும். நூலுக்கு மாவு மூட்டை வாயில் இருக்கும் தையலைப் பிரிப்பாள். ஊசியை ஓலைச் சுவரில் குத்தி வைத்திருப்பாள். எங்கே என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் விரலெல்லாம் சிப்பி கிழித்த வெடிப்பு. மெல்லிய துணியைத் தொட்டால் தோல் மாட்டி நூல் இழுத்துக்கொண்டு வரும். அதனால் தைக்கும்போது விரலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வாள். எங்கள் உடுப்பிலெல்லாம் எண்ணெய்க் கறை இருக்கும். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

இரண்டு வருஷத்தில் நைனாவின் துணி தீர்ந்துபோயிற்று. கடைசிச் சட்டை அம்மா தண்ணீரில் போட்டுக்கொள்வது. அதைக் கிழிக்க முடியாது. அக்கா பாவாடை முழங்காலுக்கு ஏறிவிட்டது. ஒரு நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள்.

அன்று அம்மா கூரையிலிருந்து சாக்கை இறக்கினாள். ஏழு புடவையையும் மூன்று தரம் அலசினாள். காய்ந்ததும் ஒவ்வொன்றின் மூலையிலும் மஞ்சள் வைத்தாள், பொங்கல் துணிக்கு வைக்கிற மாதிரி.

அக்கா பயந்தாள். "அம்மா, இது கோடி."

"செத்தவன் கட்டின துணியா இது? கடைத் துணி. கடையில இருந்து நம்ம வூட்டுக்கு வந்துது. நடுவுல ஒரு சாவு இருந்துது. அவ்ளோதான்."

அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

கிழித்தாள். ஒரே புடவையில் ஒரு உடுப்பு தைக்கவில்லை. இரண்டு மூன்றைக் கலந்தாள். கரையை எடுத்துவிட்டாள். பூப் போட்ட பக்கத்தை உள்ளே திருப்பித் தைத்தாள். கொடுத்தவள் நேரில் பார்த்தாலும் தெரியக் கூடாது. தெரியவும் இல்லை. நாலு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் அதையே மாற்றி மாற்றிப் போட்டோம். எனக்கு அந்த உடுப்பு பிடித்திருந்தது. காற்றில் பறக்கும். அத்தையின் ஊதாவை மட்டும் அம்மா கிழிக்கவில்லை. மஞ்சள் பொட்டு இரண்டு பக்கமும் தெரியும். மறைக்க முடியாது.

அக்காவுக்குப் பத்தொன்பது ஆனபோது அத்தை ஆள் விட்டாள். ஆடியில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறோம், பெண்ணைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கே வெற்றிலை மாற்றிக்கொள்ளலாம் என்று.

அம்மாவுக்கு இரண்டு நாள் தூக்கம் இல்லை. எறா வாங்குகிற ஏஜெண்ட் வீட்டம்மாவிடம் போய், பெண்ணுக்குக் கட்ட நல்ல துணி ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். அந்த அம்மா தன்னுடைய பழைய பட்டு ஒன்றைக் கொடுத்தாள். மாம்பழ நிறம், நல்ல ஜரிகை. ஆனால் மடிப்பு மடிப்பாக இற்றுப்போயிருந்தது. அம்மா இற்ற இடத்தையெல்லாம் நீக்கிவிட்டு, ஜரிகை கீழே வருகிற மாதிரி அக்காவுக்குப் பாவாடை தைத்தாள். ஒரு தரம் உட்கார்ந்து எழுந்தால் பிரிந்துவிடும் போல இருந்தது. லைனிங் கொடுக்க வேண்டும். வீட்டில் ஊதாவைத் தவிர முழுத் துணி எதுவும் இல்லை.

அம்மா அதை எடுத்துப் பட்டுக்கு உள்பக்கம் வைத்துப் பார்த்தாள்.

"உள்ளதானே," என்றாள்.

பாவாடை நன்றாக வந்திருந்தது. எண்ணெய்க் கறைகூட இல்லை. அந்த நாலு நாள் அம்மா ஏரிக்குப் போகவில்லை, விரல் ஆறட்டும் என்று. அக்கா கட்டிக்கொண்டு நின்றபோது அம்மா ஒரு தரம் சுற்றி வந்து பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும்.

ஏரியைத் தாண்டிப் படகில் போனோம். படகு கரை வரைக்கும் வராது. முட்டித் தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டும். ஏரிக்காரர்களுக்கு அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை. பாவாடையைக் கொத்தாக அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு இறங்குவோம். நடக்கப் பழகினதிலிருந்து அப்படித்தான். அம்மா எல்லாவற்றையும் யோசித்தாள். இதை யோசிக்கவில்லை.

அக்கா பட்டுப் பாவாடையை அள்ளிச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஊதா முழுக்க வெளியே வந்தது. கரையில் அத்தை நின்றிருந்தாள். அத்தை பார்த்தது அக்காவின் முகத்தை இல்லை.

வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கூழ் கொடுத்தாள். வெங்காயம், கருவாடு வைத்தாள். சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றாள். பிறகு அக்காவைக் கூப்பிட்டாள். குனிந்து, பாவாடை ஓரத்தை இரண்டு விரலால் திருப்பினாள்.

"இது ஏது?"

அம்மாதான் பதில் சொன்னாள். "லைனிங் அண்ணி. பட்டு இத்துப்போச்சி. அதான் உள்ள குடுத்தேன்."

"லைனிங்கு இன்னாத்துக்குன்னு கேக்கல. பொடவ ஏதுன்னு கேட்டேன்."

"நீ குடுத்ததுதான்."

"நான் குடுத்தது கோடி."

"ஆமா."

"என் தம்பி சாவுக்குப் போட்ட கோடிய உன் பொண்ணு இடுப்புல சுத்தி எம் புள்ள முன்னாடி நிறுத்தறே. அவன் கடலுக்குப் போறவன்டி. இன்னா தைரியம் உனுக்கு?"

"வெளிய தெரியாதுன்னு நெனச்சேன். உள்ளதானே அண்ணி."

"சாவு இன்னா, உள்ள வெளிய பாத்துக்கினா வருது?"

கூழுக்கு வந்திருந்த பெண்கள் கூடிவிட்டார்கள். அம்மா அத்தோடு வாயை மூடியிருக்கலாம். கம்முனு அழுதிருந்தால்கூட யாராவது பரிந்து பேசியிருப்பார்கள். அம்மாவுக்கு அழத் தெரியாது. கணக்காகப் பேசத்தான் தெரியும்.

"நாலு வருசமா ரெண்டு பேரும் கோடியத்தான் கட்றாங்க. இன்னா ஆயிடுச்சி? கண்ணெதிர்லதானே நிக்கறாங்க."

"அப்போ இந்தச் சின்னது போட்டுக்கினு கெடக்கறதும் அதானா?" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் சட்டையில் பெரும்பகுதி மாமி போட்ட பச்சைக் கோடி. நான் கையைக் கட்டிக்கொண்டேன். மறைக்கிறதற்கு வேறு வழி தெரியவில்லை.

அத்தை மகன் வேப்ப மரத்தடியில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்தது. அக்கா அவனைப் பார்த்தாள். சின்ன வயதில் ஏரியில் அவளுக்கு நீந்தச் சொல்லிக் கொடுத்தவன் அவன். அவன் நிமிரவில்லை. வலைக் கண்ணியை எண்ணிக்கொண்டிருந்தான். எண்ணி முடித்து முடிச்சுப் போட்டான். அடுத்ததை எண்ண ஆரம்பித்தான்.

வெற்றிலைத் தட்டு வெளியே வரவில்லை.

அத்தையை நான் குறை சொல்லமாட்டேன். கடலுக்கு மகனை அனுப்புகிறவள் எதற்குத்தான் பயப்படமாட்டாள். அவனைத்தான் குறை சொல்வேன்.

திரும்பும்போது அக்கா பாவாடையைத் தூக்கவில்லை. அப்படியே தண்ணீரில் இறங்கி நடந்தாள். பட்டு முழுக்க நனைந்தது. வீட்டுக்கு வந்து அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

"வேற துணியே கெடைக்கலியா உனுக்கு?"

"இருந்தா அதுல தச்சிருக்க மாட்டனா?"

அதற்குப் பிறகு அம்மா தைத்த எதையும் அக்கா போடவில்லை. ஆரம்பாக்கத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே யூனிபார்ம் கொடுத்தார்கள். அதுதான் அவளுக்கு என்று முதலில் வந்த புதுத் துணி. ஞாயிற்றுக்கிழமைகூட அதைத்தான் போட்டுக்கொண்டு இருப்பாள்.

அத்தை மகனுக்கு அடுத்த தையில் கல்யாணம் ஆயிற்று. இரண்டு பிள்ளைகள். இன்றைக்கும் கடலுக்குப் போய் வருகிறான். அக்காவைக் கட்டியிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இதை யாரிடம் போய்ச் சொல்வது.

கோடி கட்டின பெண் என்ற பேர் ஏரியைச் சுற்றி இருக்கிற ஊரெல்லாம் போயிற்று. வந்தவர்கள் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். இரண்டு மூன்று வருஷத்தில் வருவதும் நின்றது. எனக்கு மட்டும் உள்ளே நெல் விளைகிற ஊரில் இடம் பார்த்தார்கள். அங்கே இந்தக் கதை வந்து சேரவில்லை. நானும்தான் கட்டினேன். பேர் அக்காவுக்கு. என் கல்யாணத்தன்று அக்கா பின்னால் நின்றாள். கூப்பிட்டும் முன்னால் வரவில்லை.

அம்மா என் பிள்ளைகளுக்கும் பழசில் தைத்துக் கொடுத்தாள். வாங்கி வைத்துக்கொள்வேன். போடமாட்டேன். என் வீட்டுக்காரர் எது எந்தத் துணி என்று கேட்டதில்லை. எனக்கே கை வராது. அக்கா பொங்கலுக்குப் பொங்கல் அம்மாவுக்குப் புதுப் புடவை எடுத்துத் தருவாள். "இந்தா," என்பாள். அம்மா வாங்கிப் பெட்டியில் வைப்பாள். இருவரும் ஒரே வீட்டில் பதினாறு வருஷம் இருந்தார்கள். வேண்டியதை மட்டும் பேசினார்கள்.

போன வருஷம் ஒரு காலையில் அம்மா எழுந்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. அத்தை எனக்கு முன்னாலேயே வந்திருந்தாள். தடி ஊன்றி வந்திருந்தாள். அம்மா மேல் போட ஒரு புடவை கொண்டுவந்திருந்தாள். நல்ல புடவை.

"கால் வெரலக் கட்டணும். ஒரு துணி கிழிச்சிக் குடுங்கம்மா," என்றார் வேலை பார்க்க வந்த பெரியவர்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். மேலே அவள் வாங்கிக் கொடுத்த புடவைகள், மடிப்புக் கலையாமல். ஒன்றுகூடக் கட்டவில்லை. அடியில் கையைவிட்டு எடுத்தாள். ஊதா. அந்த லைனிங். அம்மா அதைப் பிரித்து, நூலெல்லாம் எடுத்து, துவைத்து மடித்து வைத்திருந்தாள். இன்னும் எதற்காவது ஆகும் என்று வைத்திருப்பாள். அவள் எதையும் எறிகிறவள் இல்லை.

அக்கா அத்தையைப் பார்த்தாள். அத்தை கீழே பார்த்தாள்.

அக்கா துணியின் ஓரத்தை வாயில் வைத்துப் பல்லால் கடித்தாள். இரண்டு கையாலும் இழுத்தாள். நேராகக் கிழிந்தது. அவளே குனிந்து அம்மாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

மீதியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.