செவ்வாய்க்கிழமைக்கும் நூறு நாற்காலி

சரக்கு ரயில் முனையத்தைச் சுற்றித் தொழிற்பேட்டையும் நான்குவழிச் சாலையும் திட்டமிடுகிற வேலை எனக்கு. கன்டெய்னர் லாரி திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனிதர்கள் எந்தக் கிழமையில் கூட்டத்துக்கு வருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்தைச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வைத்தேன். சமுதாயக் கூடத்தில் நூறு நாற்காலி. ஐந்தரைக்கும் நூறும் காலி. பேச்சுக்கு நடுவே சொல்ல நாலு நகைச்சுவை தயாரித்திருந்தேன். மைக் சரிபார்க்கிற சாக்கில் ஒன்றைச் சொல்லிப் பார்த்தேன். நாற்காலி வாடகைக்காரர்கூடச் சிரிக்கவில்லை.

"ஏனுங்க சார், இன்னைக்குச் சம்பள நாளுங்க. சம்பளத்த வாங்கிட்டு ஊரே சந்தையில நிக்கும். நீங்க வெளியூருங்களா?"

நான் இதே ஊர் ராயபுரத்தில் பிறந்தவன். சனிக்கிழமை தவறாமல் பையைத் தூக்கிக்கொண்டு மனைவிக்குப் பின்னால் சந்தையில் நடந்தவன். அவள் இறந்து மூன்று வருடம். அரைக் கிலோ தக்காளி அழுகும்வரை தீராத வீட்டுக்குச் சந்தை எதற்கு? அதோடு சனிக்கிழமையும் எனக்கு மறந்துபோயிருந்தது.

"ஆபீஸ்ல போட்ட தேதிங்க" என்றேன்.

ஆறு மணிக்கு ஒரு பெண் வந்தார். பனியன் கம்பெனியில் தைப்பவர். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. கையில் காய்கறிப் பை. கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒருவருக்காக மைக்கில் பேச வெட்கமாக இருந்ததால் வரைபடத்தோடு அவர் பக்கத்து நாற்காலிக்குப் போனேன்.

"எங்க வீடு எங்க சார்?"

சாலைக்கு வடக்கே காட்டினேன்.

"எங்க அக்கா வீடு? பிள்ளைய அங்க விட்டுட்டுதான் வேலைக்குப் போவேன்."

தெற்கே.

"நடுவுல இந்தக் கோடு?"

"தடுப்புச்சுவருங்க. கன்டெய்னர் லாரி நிக்காமப் போகோணுமில்லீங்க."

"லாரி நிக்காது, சரி. நான் எப்படி சார் தாண்ட? கம்பெனி வேன் எங்க பக்கம்லா வரும். சுத்திப் போயிட்டு வாறதுக்குள்ள வேன் போயிரும். நாலு நாள் வேன விட்டா வேலையும் போயிரும்."

சுவரில் அடுத்த திறப்பு இரண்டு கிலோமீட்டர் தள்ளி. என் வரைபடத்தில் அது நாலு விரல் அகலம்தான்.

நான் நிரப்ப வேண்டிய கூட்டப் படிவத்தின் கடைசியில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு கட்டம். அதில் டிக் அடித்தால் கோப்பு நகர்ந்துவிடும். ஒரே ஓர் ஆட்சேபணை எழுதினாலும் திட்டத்தைத் திருத்தி மறுபடி கூட்டம் போட வேண்டும்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வாடகைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒரு ஆளுதானுங்களே. கண்டுக்காம உட்டா வேல முடிஞ்சுதுங்க சார்."

அந்தப் பெண் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வீடு, வேன், பிள்ளை எல்லாவற்றையும் எழுதினேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

"அடுத்த கூட்டத்தச் செவ்வாக்கிழமை வைங்க. எங்க லைன் வீட்டு ஆளுகள எல்லாம் கூட்டிட்டு வாறேன்."

அவர் போனதும் அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே பென்சிலால் ஒரு சுரங்க நடைபாதை போட்டேன். பிறகு மேலதிகாரி கேட்டபோது கடமை என்று சொன்னேன். பாதி உண்மை. மீதிப் பாதி, இன்னொரு மாலை ஆட்கள் வருவார்களே என்பது.

வாடகைக்காரரிடம் அன்று கூடத்திலேயே செவ்வாய்க்கிழமைக்குச் சொல்லிவைத்தேன்.

"சேர் எத்தனைங்க?"

"நூறு."

இந்த முறை சிரித்தார்.