அக்காவுக்கு வராத வேலை

சத்தியவேடு பக்கம், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தமிழ் ஊர் எங்களுடையது. நிலமே இல்லாதிருந்த குடும்பத்தில், நைனாவுக்குத்தான் முதன்முதலாக அரசாங்கம் கொஞ்சம் மேட்டு நிலம் கொடுத்தது. அப்பாவை நாங்கள் நைனா என்போம். அக்கா எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு அவரோடு அதில் வேர்க்கடலை போட்டாள். அந்த விளைச்சலில்தான் நான் இன்டர், அதாவது பன்னிரண்டாவது, முடித்தேன்.

பிறகு கம்பெனிகள் வரப்போகின்றன என்று அரசாங்கமே அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நிலம் போகிற வீட்டுக்கு ஒரு வேலை என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். நைனா மறுபேச்சில்லாமல் கைநாட்டு வைத்தார்.

"பெரியவ இனிமே வெயில்ல காய வேணாம்," என்றார் வீட்டுக்கு வந்து.

செல்போன் கம்பெனியில் ஆளெடுத்த அன்று நானும் அக்காவும் சேர்ந்தே போனோம். அக்கா பண்டிகைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். இன்டர் படித்தவர்கள்தான் வேண்டும், வயதும் கூடிவிட்டது என்று அதிகாரி தெலுங்கில் சொன்னார்.

"நெலம் குடுத்த வூடு சார்," என்றாள் அக்கா.

அதற்குத்தான் உன் தங்கையை எடுத்துக்கொள்கிறோமே என்றார் அவர்.

வெளியே வந்ததும், "நானும் போவல," என்றேன்.

"ரெண்டு பேருக்கும் இல்லாம போவணுமா? பேசாம சேரு."

கடலை போட நிலமில்லை, கூலிக்குக் கூப்பிடவும் ஆளில்லை. அக்கா திருப்பதிக்குப் போய் ஒரு லாட்ஜில் அறை துடைக்கச் சேர்ந்தாள். எனக்குக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வந்தது. என் கல்யாணம், தளம் போட்ட மெத்தை வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான். தொழிற்பேட்டை எங்களைக் கெடுத்தது என்று என்னால் சொல்ல முடியாது. வாழவைத்தது என்று அக்காவின் எதிரே சொல்லவும் வாய் வராது. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. நைனா கடைசிவரை, "கம்பெனில பெரியவளுக்கு எதுனா சொன்னாங்களா?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவர் போன பிறகு ஒருநாள் லாட்ஜுக்குப் போனேன். அக்கா முழங்கால் வலியோடு படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கம்பெனி கேன்டீனுக்கு ஆள் எடுக்கறாங்கக்கா. படிப்பு, வயசு எதுவும் கேக்கறதில்ல. எங்கூடவே இருந்துக்கலாம், வந்துடு."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்னிக்கி அந்த ஆபீசர்கிட்ட கேட்டேன். அதோட சரி," என்றாள். பிறகு, "நீ துன்னியா?" என்று கேட்டாள்.

தரிசனம் முடித்துவந்த ஒரு குடும்பம் அறைக்காகக் காத்திருந்தது. அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி மெல்ல மாடி ஏறினாள். கொஞ்ச நேரம் கீழேயே உட்கார்ந்திருந்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.