வரப்பில் நான் மறித்தவள்

"ஆம்பளையா, பொம்பளையா, திருநங்கையான்னு என் மனசு பாக்காதுங்க. யார் மேல வேணா காதல் வரலாம்" என்று என் மனைவி சொன்ன நாளிலிருந்து நிம்மதி இழந்தேன். அதற்குப் பான்செக்சுவல் என்று பெயராம். பால்காரர் வந்தாலும் பயம், பக்கத்து வீட்டுப் பெண் வந்தாலும் பயம். நடவு நாளில் வயலுக்கு டீ கொண்டுவந்தவளை வரப்பிலேயே மறித்தேன்.

"இனிமே யார்கிட்டயும் பேசாத!"

அவள் நாற்று நடும் பெண்களைக் காட்டினாள். "உங்களுக்குப் பொம்பளைங்களத்தான் புடிக்கும். அதுக்காக இத்தன பேர் மேலயும் ஆசப்படுறீங்களா?"

"சேச்சே!"

"எனக்கும் அப்படித்தாங்க."

தூக்குவாளியை என் கையில் திணித்துவிட்டுப் போனவள், மாலையில் பூதலூரில் ரயில் ஏறிவிட்டாள். நட்ட பயிர் கதிர் விட்டுவிட்டது. தினமும் கெஞ்சி மெசேஜ் அனுப்புகிறேன், பதில் இல்லை.

பெற்றவர்களிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாள். எவ்வளவு நம்பியிருந்தால் சொல்லியிருப்பாள்? அது என் மரமண்டைக்கு அன்று ஏறவில்லை.